மலைவீட்டு அலமாரி

பழனி மலைத்தொடரின் மேற்பரப்பில், ஏறத்தாழ ஏழாயிரம் அடி உயரத்தில் அமைந்தது கோடைக்கானல். 1845ஆம் ஆண்டில் அமெரிக்கப் பாதிரிமார் அங்கு வீடு கட்டிக் குடியேறினர். 1875இல் புகைவண்டி அடிவாரத்து அம்மையநாயக்கனூர் வரை வந்தது. ஆயினும் மலைமேல் மோட்டார் ஏறும் சாலை அமைய இருபதாம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது. அதுவரை கட்டிலும் மேசையும் அலமாரியும் கூலியாட்களின் தலையிலும் தோளிலுமே மலையேறின. சுமந்தவர் பெயரை எந்த அலமாரியும் சொல்வதில்லை.

அத்தகைய தேக்கு அலமாரி ஒன்று முதிய தச்சர் ஒருவரிடம் பழுதுபார்க்க வந்தது. ஒரு கால் இற்றிருந்தது. கதவுப் பலகை மேலிருந்து கீழ்வரை வெடித்திருந்தது. விறகுக்குப் போடலாம் என்று வீட்டார் முடிவு செய்திருந்தனர். அவ்வீட்டு மூதாட்டி மட்டும் இசையவில்லை.

"ஆசாரியாரே, இது என் மாமியார் ஆண்ட பொருள். எப்படியாவது நிற்கச் செய்து கொடுங்கள்" என்றார்.

தச்சர் உளியைத் தொடவில்லை. நெடுநேரம் கதவையே பார்த்திருந்தார். வெடிப்பில் மெழுகை அடைத்து மறைத்துவிடலாமே என்றான் அவர் மகன். "வெடித்த காரணம் உள்ளே இருக்கும்போது மெழுகு என்ன செய்யும்?" என்றார் தந்தை.

காரணம் ஆணிகளில் இருந்தது. மரம் வெட்டுண்ட பின்னும் ஈரத்தை உண்பதும் உமிழ்வதுமாகவே இருக்கும். நெடுக்கில் அது நீள்வது மிகச் சிறிது. குறுக்கிலோ கண்ணுக்குத் தெரியும் அளவு விரியும், சுருங்கும். ஐப்பசி மழையில் ஊறிய பலகை தை, மாசியில் காய்ந்து ஒடுங்கும். ஆதலால் பழந்தச்சர் கதவுப் பலகையைச் சட்டத்தின் காடியில் ஒட்டாமல் செருகி, அசைய இடம் விட்டனர். பிற்காலத்தில் யாரோ, ஆடுகிறதே என்று சுற்றிலும் ஆணி அறைந்துவிட்டார். ஒடுங்க வழியற்ற பலகை தன்னைத்தானே பிளந்துகொண்டது. தச்சர் ஆணிகளைப் பிடுங்கி, பிளவின் இரு விளிம்பையும் வச்சிரத்தால் ஒட்டி, பலகையை மீண்டும் காடியில் உலவவிட்டார்.

இற்ற கால் வேறு வகை. மரத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஈரம் நிலைத்தால் பூஞ்சணம் அதைத் தின்னத் தொடங்கும். அந்த அலமாரி பல்லாண்டு ஈரச்சுவரை ஒட்டி நின்றிருந்தது. நல்ல மரம் தட்டுப்படும்வரை செதுக்கி, சாய்வாக வெட்டி, புதுத் துண்டைப் பொருத்த வேண்டும். மலையில் மலிவாகக் கிடைப்பது யூகலிப்டஸ். காயும்போது அது முறுக்கிக்கொள்ளும். இடிந்த வீடொன்றின் சன்னற் சட்டத்திலிருந்து பழந்தேக்கைத் தேடிப் பெற்று, ரேகை ரேகையோடு இசைய இணைத்தார்.

இங்கும் வச்சிரமே. விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் இப்பசை ஈரத்துக்கு அஞ்சுவது, அது குறைதான். ஆனால் வெந்நீரும் சூடும் பட்டால் இளகும். நாளை வேறொரு தச்சர் மரத்தைச் சிதைக்காமல் அவிழ்க்க முடியும். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்கும்படி மூதாட்டியிடம் சொல்லியனுப்பினார்.

எஞ்சியது மெருகு. ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைத் துணிப்பொதியால் மெல்லப் பலமுறை தேய்க்க வேண்டும். காற்றில் ஈரம் மிகுந்தால் அரக்கு பால்போல் வெளுத்துவிடும். தச்சர் மாசி மாதத்து வெயிலுக்காகக் காத்திருந்தார். மூன்றாம் பூச்சு முடியுமுன் ஏரிப்பக்கத்திலிருந்து பனிமூட்டம் எழுந்தது. அவர் பொதியைக் கண்ணாடிச் சீசாவில் இட்டு மூடினார். மகன் சன்னலைச் சாத்தினான்.