ஸ்டோர் ரூம் அலமாரி: ஏன் பெட்டி பெட்டியா செஞ்சோம்?



ஸ்டோர் ரூம்ல அடுக்கியிருக்கிற 12 மரப்பெட்டிகளைப் பார்த்துட்டு நிறைய பேர் விசாரிக்கிறீங்க. "நம்ம பத்து காவான்லேயே ஐக்கியா இருக்கு, இதே மாதிரி ரெடியா கிடைக்குமே, எதுக்குப் பலகை வாங்கி அறுத்து சிரமப்படுறீங்க?"ன்னு ஒரு அக்கா கேட்டாங்க. நியாயமான கேள்வி. உபயக்காரங்க காசுல செஞ்ச வேலை, விளக்கம் சொல்றது தொண்டர்களாகிய எங்க கடமை.

முதல்ல அலமாரியே எதுக்கு? போன திருவிழாவுக்கு முன்னால ஒரு வெள்ளித் தாம்பாளம் காணாமப் போனது பல பேருக்குத் தெரியும். ஸ்டோர் சாவியைப் பல வருஷமா ஒரே பெரியவர்தான் வச்சிருந்தார். எந்தப் பொருள் எந்த மூலையில இருக்குன்னு அவர் மனசுல மட்டும்தான் இருந்தது. வயசாச்சு, ஞாபகம் கொஞ்சம் தடுமாறுது. "வச்சேன், எங்கன்னு தெரியலையே"ன்னு அவர் சொன்னப்போ, சிலர் முதுகுக்குப் பின்னால பேச ஆரம்பிச்சாங்க. அவர் காதுக்கும் அது போச்சு. சாவியை அம்மன் காலடியில வச்சுட்டு, ஒரு வார்த்தை பேசாம வீட்டுக்குப் போயிட்டார்.

ஸ்டோரை முழுசா காலி பண்ணினப்போ தாம்பாளம் கிடைச்சது. பழைய வேட்டிக் கட்டுக்குள்ள, பேப்பர் சுத்தி, பத்திரமா இருந்தது. காமாட்சி விளக்கு மட்டும் 40-க்கு மேல கிடைச்சது. இருக்கிறது தெரியாம வருஷா வருஷம் புதுசு வாங்கியிருக்கோம். அலமாரி ஒழுங்கா இருந்திருந்தா ஒரு நல்ல மனுசன் பேர் இப்படி அடிபட்டிருக்காது. அதனாலதான் இந்த வேலையில இறங்கினோம்.

ஃபேக்டரியில 5எஸ்ன்னு ஜப்பான்காரன் முறை ஒன்னு சொல்லித் தருவாங்க. வேண்டாததைக் கழி, வேண்டியதுக்கு இடம் குறி, சுத்தம் பண்ணு, அதையே வழக்கமாக்கு, விடாமக் கடைப்பிடி. நம்ம வீட்டு அஞ்சறைப் பெட்டியிலயும் இதே புத்திதான் இருக்கு. கடுகு ஒரு அறை, சீரகம் ஒரு அறை. விளக்கு அணைஞ்சாலும் அம்மா கை தப்பாது. ஸ்டோருக்கும் அந்த மாதிரி சம அளவு அறைகள் போதும்னு முடிவு பண்ணோம்.

இப்ப ஐக்கியா விஷயம். 2019 மார்ச்ல இங்க திறந்தாங்க. அவங்க கல்லாக்ஸ் அலமாரி வீட்டுக்கும் ஆபீஸுக்கும் நல்ல பொருள்தான். உள்ளளவு 33 சென்டிமீட்டர், ஆழம் 39. ஆனா ஒரு தட்டுக்கு 13 கிலோதான் தாங்கும்னு அவங்களே போட்டிருக்காங்க. ஏ4 தாள் ரீம் ஒன்னு ரெண்டரை கிலோ. அந்த அறையில 6 ரீம் நிக்கும், 15 கிலோ ஆயிடும். நம்ம பித்தளை விளக்குகளும் தேவார வகுப்புப் புத்தகங்களும் அதுக்குக் குறைச்சல் இல்ல. அதோட, அது பெரும்பாலும் மரத்தூள் பலகை, உள்ள தேன்கூடு மாதிரி அட்டை. எடை குறையணும்னு அப்படிச் செய்றாங்க. எண்ணெயும் தண்ணியும் புழங்கற கோயிலுக்கு ஒத்து வராது. மரத்தூள் பலகையில தண்ணி ஏறினா உப்பிடும், பழையபடி சுருங்காது.

ஆனா அவங்ககிட்ட ஒரு பாடம் கத்துக்கிட்டோம். 2014-ல எக்ஸ்பெடிட்ங்கிற பழைய அலமாரியை நிறுத்திட்டுத்தான் கல்லாக்ஸ் கொண்டு வந்தாங்க. வெளிச்சட்டம் மெலிசாச்சு, அறையோட உள்ளளவு மாறல. அதனால பழைய கூடைங்க புதுசுலயும் பொருந்துச்சு. பெட்டி அலமாரிக்கு உயிரே அந்த அளவுதான். நம்ம அளவையும் ஸ்டோர் சுவத்துல எழுதிட்டோம்: வெளியளவு 40, உள்ளளவு 36.4, பலகை 1.8 சென்டிமீட்டர். 10 வருஷம் கழிச்சு வேற பிள்ளைங்க பெட்டி சேர்த்தாலும் பொருந்தணும்.

அந்த 40 எங்க இருந்து வந்துச்சு? முதல்ல பொருளை அளந்தோம். தாம்பாளம், பால்குடம், மடிச்ச வேட்டி, புத்தகம் எல்லாம் 36-க்குள்ள அடங்குது. அப்புறம் பலகையை அளந்தோம். எட்டுக்கு நாலு அடிப் பலகை 244-க்கு 122 சென்டிமீட்டர். ரம்பம் தின்கிற 3 மில்லிமீட்டரைக் கழிச்சாலும் 40-க்கு 40 துண்டு 18 வரும். பெட்டிக்கு 4 துண்டு. மூணு பலகையில 12 பெட்டி போக மிச்சம் 6 துண்டு. அதை சின்ன புத்தகங்களுக்கு நடுத்தட்டா வச்சோம். குப்பைக்குப் போனது அனேகமா ஒன்னுமில்ல. முதுகுக்கு மட்டும் 6 மில்லிமீட்டர் பிளைவுட். முதுகு இல்லாத சதுரம் ஆடும், அதை விடாதீங்க. ஆணி அடிக்கிறதுக்கு முன்னால மூலைக்கு மூலை ரெண்டு பக்கமும் டேப் பிடிங்க. ரெண்டும் ஒரே அளவா இருந்தாத்தான் பெட்டி நேரா இருக்கும்.

மரம்னு பார்த்தா பால்மரப் பலகை எடுத்தோம். நம்ம பாட்டிமார் விடியக்காலையில தலையில விளக்கைக் கட்டிக்கிட்டு வெட்டின அதே மரம். 25, 30 வருஷத்துல பால் வத்தினதும் வெட்டிடுவாங்க. முன்னெல்லாம் அடுப்புக்கும் செங்கச் சூளைக்கும்தான் போகும். மாவுச்சத்து நிறைய இருக்கிறதால அறுத்த கொஞ்ச நாள்லயே பூஞ்சையும் வண்டும் பிடிச்சிடும். அறுத்த உடனே போரான் மருந்து ஏத்தி, சூளையில காய வைக்கப் பழகின பிறகுதான் அது நாற்காலி, மேசை ஆச்சு. இன்னிக்கு மூவார் பக்கம் இருந்து உலகம் பூரா போகுது. பெரிய பலகை கிடைக்காத மரம்கிறதால சின்னத் துண்டுகளை விரல் கோத்த மாதிரி ஒட்டுவாங்க. வாங்கும்போது அந்த ஒட்டுல இடைவெளி இருக்கா, நீலக்கறை இருக்கா, ஊசித் துளை இருக்கான்னு பாருங்க. வாங்கினதும் ஒரு வாரம் அதே ரூம்ல படுக்க வச்சுட்டு அறுங்க. அறுத்த ஓரத்துக்கெல்லாம் வார்னிஷ் கட்டாயம்.

பால்மரமும் ஈரம் தாங்காது. அதனால அபிஷேகப் பாத்திரம் எல்லாம் பழைய இரும்பு ராக்லயே இருக்கு. பெட்டிகளுக்குக் கீழ 10 சென்டிமீட்டர் இரும்பு ஸ்டாண்டு வச்சோம், தரை கழுவுற தண்ணி ஏறக் கூடாது. சுவத்துக்கும் பெட்டிக்கும் நடுவுல ரெண்டு விரல் இடைவெளி, காத்து போகும், கரையான் வந்தாலும் கண்ணுல படும். கனமானது கீழ்வரிசை. பெட்டிக்குப் பெட்டி போல்ட்டு, மேல்வரிசையில சுவத்தோட எல் பிராக்கெட். வகுப்புப் பிள்ளைங்க ஏறி விளையாடுவாங்க, வீட்டுல வைக்கிறவங்களும் இதை மறக்காதீங்க.

ஒவ்வொரு பெட்டிக்கும் நம்பர் இருக்கு. என்ன பொருள், எத்தனைன்னு எழுதின பட்டியல் கதவுலயே தொங்குது. யார் வேணும்னாலும் எண்ணிப் பார்க்கலாம்.

பட்டியலை எழுதச் சொல்லிப் பெரியவர் வீட்டுக்கே போய்க் கேட்டோம். ரொம்ப நேரம் பேசல. அப்புறம் வந்தார், நாற்காலி போட்டு உட்கார்ந்தார், ஒவ்வொரு விளக்கும் யார் உபயம், எந்த வருஷம்னு சொல்லச் சொல்ல நாங்க எழுதினோம். தாம்பாளம் இப்போ 7-ஆம் பெட்டி. சாவி ரெண்டு பேர்கிட்ட இருக்கு, ஒருத்தர் அவர்தான்.

பக்தர்களுக்கு ரெண்டு வேண்டுகோள். எடுத்த பொருளை அதே நம்பர்ல வைங்க. காமாட்சி விளக்கு உபயம் பண்ண நினைக்கிறவங்க முதல்ல பட்டியலைப் பாருங்க. இப்போதைக்குத் தேவை, தேவார வகுப்புக்கு இன்னொரு பலகை. ஞாயிறு காலை பூஜை முடிஞ்சதும் வார்னிஷ் அடிக்கிற வேலை இருக்கு, முடிஞ்சவங்க பழைய சட்டை போட்டுக்கிட்டு வாங்க.

ஓம் சக்தி.