கோல் நனையாத கணக்கு

பெட்ரோல் பங்க்கில் பொழுது விடிவது டிப் எடுக்கும்போதுதான். காலை ஆறு மணிக்கு ஷிப்ட் மாறும். நாசில்களைத் தொங்கவிட்டு, கொஞ்ச நேரம் விற்பனையை நிறுத்துவார்கள். தரையோடு தரையாக இருக்கும் மூடியின் பூட்டைத் திறந்து, பித்தளைக் கோலைத் துணியால் துடைத்து, குழாய்க்குள் மெல்ல இறக்குவார்கள். டேங்க் மண்ணுக்கடியில் இருக்கிறது. எட்டிப் பார்க்க வழியில்லை. உள்ளே எவ்வளவு கிடக்கிறது என்பதற்குக் கோலில் ஏறியிருக்கும் ஈரம்தான் சாட்சி.

வாழ்நாளின் பெரும்பகுதியைப் பங்க்குகளில் மேலாளராகக் கழித்தவன் நான். ஓய்வுபெற்ற பிறகும், புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க எப்போதாவது கூப்பிடுவார்கள். அப்படி வந்த ஒரு பையன் கேட்டான்: "சார், ஆபீஸ் ரூம் திரையிலயே லிட்டர் கணக்கு ஓடுது. அப்புறம் எதுக்கு சார் இந்தக் கோலு?"

"திரை சொல்றது சரிதானான்னு யார் தம்பி சொல்றது?" என்றேன்.

சிரித்துவிட்டுப் போய்விட்டான். அவனுக்கு நின்று கேட்க நேரமில்லை; எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

டிப் எடுப்பது சுலபமான வேலையாகத் தெரியும். அதற்கும் கைப்பழக்கம் வேண்டும். கோலைத் தொப்பென்று போட்டால் அடித்தட்டில் இடிக்கும். ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் இடித்தால் இரும்பும் தேயும் என்பதால், குழாய்க்கு நேர்கீழே தனியாக ஒரு தகடு பதித்திருப்பார்கள். சாய்த்து இறக்கினால், இல்லாத பெட்ரோலை இருப்பதாகக் காட்டும். டீசலின் ஈரம் கோலில் நின்று தெரியும். பெட்ரோல் அப்படியில்லை; வெயிலில் கண் இமைப்பதற்குள் ஆவியாகிவிடும். அதனால் மட்டம் எங்கே இருக்கும் என்று உத்தேசமாகத் தெரிந்த இடத்தில் பேஸ்ட் தடவித்தான் இறக்குவோம். கோலின் நுனிக்கு வேறொரு பேஸ்ட் உண்டு. தண்ணீர் பட்டால் அது நிறம் மாறும். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனமானது, அடியில் போய் உட்கார்ந்துவிடும். மேலே இருந்து மட்டத்தை மட்டும் பார்க்கிறவன் அந்தத் தண்ணீரையும் பெட்ரோலாகவே எண்ணிக்கொள்வான். இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோலில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கொஞ்சம் தண்ணீர் சேர்ந்தால் அது எத்தனாலோடு கலந்து மறைந்துவிடும். அளவு மீறினால், எத்தனாலையும் இழுத்துக்கொண்டு அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும்.

டேங்கர் லாரி லோடு இறக்கிய கையோடு டிப் எடுக்கக்கூடாது. உள்ளே அலை அடங்கவேண்டும். எண்ணெய் பாயும்போது உண்டாகும் நிலைமின்சாரமும் அடங்கவேண்டும். காத்திருக்கத் தெரியாதவன் கையில் கோலைக் கொடுக்கக்கூடாது என்பது எங்கள் தொழிலில் பழைய பாடம்.

கோல் காட்டுவது சென்டிமீட்டர். விற்பது லிட்டர். இரண்டுக்கும் நடுவில் டிப் சார்ட் என்று ஓர் அட்டவணை இருக்கிறது. டேங்க் படுத்திருக்கும் உருளை என்பதால் எல்லாச் சென்டிமீட்டரும் ஒன்றல்ல. 2 மீட்டர் விட்டமும் ஏறத்தாழ 6.4 மீட்டர் நீளமும் உள்ள டேங்க்கில் 20,000 லிட்டர் பிடிக்கும். அதன் நடுவயிற்றில் ஒரு சென்டிமீட்டர் ஏறத்தாழ 127 லிட்டர். அடியில் முதல் சென்டிமீட்டரோ வெறும் 12 லிட்டர். கோலில் 50 சென்டிமீட்டர் நனைந்தால் கால் டேங்க், அதாவது 5,000 லிட்டர் என்று மனக்கணக்கு சொல்லும். அங்கே இருப்பது 3,900 சொச்சம்தான். மேட்டூர் அணையின் முழு உயரம் 120 அடி. 60 அடி நிற்கிறது என்று செய்தியில் சொன்னால் பாதித் தண்ணீர் இருப்பதாக டெல்டா விவசாயி யாரும் நினைக்கமாட்டார். பாதிக்கு வெகு கீழே என்று அவருக்குத் தெரியும். கீழே போகப் போக மட்டம் வேகமாக இறங்கும் என்பது அவருக்கு அனுபவம் சொன்ன பாடம்.

வானியல் அறிஞர் கெப்ளரைக்கூட இந்தக் கோல் விட்டுவைக்கவில்லை. 1613இல் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் இருந்தபோது அவர் இரண்டாம் திருமணம் செய்துகொண்டார். வீட்டுக்கு மதுப் பீப்பாய்கள் வாங்கினார். வியாபாரி பீப்பாயின் துளை வழியாக ஒரு கோலைக் குறுக்குச் சாய்வாக விட்டு, அது எவ்வளவு தூரம் போகிறது என்று பார்த்தே விலை சொன்னான். நெட்டைப் பீப்பாயும் குட்டைப் பீப்பாயும் ஒரே நீளத்தைக் காட்டலாமே, இது எப்படிச் சரியாகும் என்று கெப்ளருக்குச் சந்தேகம். வியாபாரியைத் திருடன் என்றும் சொல்லவில்லை, போகட்டும் என்று விடவும் இல்லை. உட்கார்ந்து கணக்குப் போட்டார். 1615இல் பீப்பாய்களின் கொள்ளளவைப் பற்றி ஒரு புத்தகமே வந்துவிட்டது. ஆஸ்திரியப் பீப்பாய்களின் வடிவத்தில், கோல் காட்டும் நீளம் ஒன்றாக இருந்தால், உயரமும் அகலமும் கொஞ்சம் மாறினாலும் கொள்ளளவு அதிகம் மாறாது. ஆகவே அந்தக் கோல் அங்கே ஓரளவு நம்பத் தகுந்ததுதான் என்று கண்டார். அளவுகோலை நம்புவதற்கு முன்னால் அதையே அளந்து பார்த்த மனிதர் அவர்.

இப்போது நான் சொல்லவந்ததற்கு வருகிறேன். பங்க்கில் தினமும் இரண்டு கணக்கு உண்டு. நேற்றைய இருப்போடு வந்த லோடைக் கூட்டி, மீட்டரில் ஓடிய விற்பனையைக் கழித்தால் வருவது புத்தக இருப்பு. கோல் சொல்வது டேங்க் இருப்பு. இந்த இரண்டும் ஒருநாளும் அச்சாகப் பொருந்தாது, பொருந்தவும் முடியாது. கோலைப் படிக்கும்போது ஒரு மில்லிமீட்டர் கண் தப்பினால், நடுமட்டத்தில் 12 லிட்டருக்கு மேல் போய்விடும். வெயிலில் வந்த லாரியின் 12,000 லிட்டர் பெட்ரோல், டேங்க்குக்குள் போய் 10 டிகிரி குளிர்ந்தால் நூறு லிட்டருக்கு மேல் சுருங்கும். எங்கும் ஒழுகியிருக்காது, யாரும் எடுத்திருக்கமாட்டார்கள். நாசிலைச் சோதிக்க முத்திரையிட்ட சாடியில் 5 லிட்டர் பிடிக்கும்போது சில மில்லி கூடும், சில மில்லி குறையும். அந்தச் சோதனைப் பெட்ரோலைத் திரும்ப டேங்க்கில் ஊற்றிவிட்டு, விற்பனையில் கழிக்க மறந்தாலும் வித்தியாசம்தான். இன்றைக்குக் கொஞ்சம் கூட, நாளைக்குக் கொஞ்சம் குறைய என்று வருவது டேங்க் விடும் மூச்சு. பயப்பட வேண்டியது, தினமும் ஒரே பக்கமாகக் குறைந்துகொண்டே போகும்போது.

இன்னும் அதிகமாகப் பயப்பட வேண்டியது ஒன்று உண்டு. வித்தியாசமே வராதது.

ஒரு பங்க்கில் பொறுப்பேற்றபோது பழைய ஸ்டாக் ரிஜிஸ்டரைப் புரட்டினேன். நல்ல கையெழுத்து. அடித்தல் திருத்தல் கிடையாது. மாதக்கணக்கில் புத்தக இருப்பும் டிப் இருப்பும் ஒரு லிட்டர் பிசகாமல் இருந்தன. அதைப் பார்த்ததும் எழுந்துபோய்க் கோலைத் தேடினேன். கதவுக்குப் பின்னால் ஒட்டடை படிந்து நின்றது. வாட்டர் பேஸ்ட் டப்பாவைத் திறந்தால் காய்ந்து கட்டியாகிக் கிடந்தது. கோலைத் துடைத்து, புதுப் பேஸ்ட் தடவி இறக்கினேன். நுனி நிறம் மாறி வந்தது. மழைக்காலத்தில் சரியாக மூடாத மூடி வழியே தண்ணீர் இறங்கியிருக்கிறது. திருட்டு எதுவும் நடக்கவில்லை. புத்தகத்தில் வந்த எண்ணை டிப் பத்தியிலும் எழுதிவிடும் சோம்பல்தான். தண்ணீரை வெளியேற்றியாயிற்று, மூடியையும் மாற்றியாயிற்று. ஆனால் அந்தத் தண்ணீர் எந்த நாளில் இறங்கத் தொடங்கியது, எத்தனை வண்டிகளுக்குப் போயிற்று என்று அந்த ரிஜிஸ்டரால் சொல்லவே முடியவில்லை. அத்தனை பக்கங்களில் ஒரு நாள்கூட உண்மையில் எழுதப்படவில்லை.

கோலை விட்டுவிட்டுக் கருவிக்கு மாறினால் இந்தச் சங்கடம் தீரும் என்று அந்தப் பையன் நினைக்கிறான். கருவி நல்லதுதான். டேங்க்குக்குள் நட்டிருக்கும் தண்டில் இரண்டு மிதவைகள்: ஒன்று எண்ணெயின் மேல், இன்னொன்று அடியில் சேரும் தண்ணீருக்கும் எண்ணெய்க்கும் நடுவில். இரண்டும் எங்கே நிற்கின்றன என்பதைத் திரை நொடிக்கு நொடி சொல்லும். சொல்வது நின்றுபோனால் யார் கவனிப்பது என்பதுதான் என் கேள்வி.

இங்கிலாந்தில் ஹெர்ட்ஃபோர்டுஷயர் வட்டாரத்தில் பன்ஸ்ஃபீல்ட் என்று ஓர் எண்ணெய்க் கிடங்கு. 2005 டிசம்பர் 10ஆம் தேதி மாலை, அங்கே 912ஆம் எண் டேங்க்குக்குக் குழாய் வழியாகப் பெட்ரோல் ஏறத் தொடங்கியது. விடியற்காலை மூன்று மணி வாக்கில், மட்டம் காட்டும் கருவி மூன்றில் இரண்டு பங்கு என்ற இடத்தில் ஒட்டிக்கொண்டது. பெட்ரோல் ஏறிக்கொண்டே இருந்தது. திரையில் கோடு மட்டும் அசையவில்லை. டேங்க் நிரம்பினால் தானாகப் பாய்ச்சலை நிறுத்த வேண்டிய தனிச் சுவிட்சும் வேலை செய்யும் நிலையில் இல்லை. இரண்டரை லட்சம் லிட்டர் அளவுக்குப் பெட்ரோல் மேலே வழிந்து, ஆவி மேகமாகப் பரவி, 11ஆம் தேதி காலை ஆறு மணிக்கு வெடித்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் உயிர்ச்சேதம் இல்லை. காயம் நாற்பது பேருக்கு மேல். விசாரணையில் வெளிவந்த ஒன்றை நான் மறப்பதில்லை. அந்தக் கருவி அதற்கு முந்தைய மூன்று மாதச் சொச்சத்தில் 14 முறை அப்படி ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அதே 2005இல் மார்ச் 23ஆம் தேதி அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி சுத்திகரிப்பு ஆலையில், ஒரு கோபுரத்துக்குள் திரவம் ஏறிக்கொண்டே இருக்க, கருவி இறங்குவதாகக் காட்டியது. 15 பேர் இறந்தார்கள். உள்ளே போகிறது, வெளியே எதுவும் வரவில்லை, மட்டம் மட்டும் இறங்குகிறது என்றால் கணக்கு எங்கே உதைக்கிறது என்று யாராவது ஒருவர் கூட்டிக் கழித்துப் பார்த்திருக்க வேண்டும்.

பங்க்கை விட்டு வீட்டுக்கு வந்தபிறகு இந்தப் பாடம் எனக்கு அதிகமாகப் பயன்படுகிறது. என் வயதுக்காரர்கள் பலரிடம் சர்க்கரை அளவு எழுதும் நோட்டு இருக்கிறது. டாக்டரிடம் போவதற்கு முந்தின ராத்திரி உட்கார்ந்து ஒரு மாதத்தையும் ஒரே மையில் எழுதிவிடுகிறவர்களை எனக்குத் தெரியும். 128, 130, 127, 129. ஒரு கல்யாண வீடு இல்லை, ஒரு பொங்கல் இல்லை, ஒரு தூங்காத இரவு இல்லை. டாக்டர் நோட்டைப் புரட்டிவிட்டு எச்பிஏ1சி பரிசோதனைக்கு எழுதிக்கொடுக்கிறார். கடந்த மூன்று மாதச் சராசரியை அது காட்டிக்கொடுத்துவிடும். அவரை யாரும் ஏமாற்றவில்லை. ஏமாந்தது நோட்டு எழுதியவர்தான்.

குடும்பக் கணக்கிலும் இதே கதை. மாசம் தவறாமல் வரவும் செலவும் ஒரே தொகைக்குச் சரியாக முடிகிறது என்று சொல்கிற வீட்டில், ஏதோ ஒரு கடன் புத்தகத்தில் ஏறாமல் நிற்கிறது என்று நான் ஊகிப்பேன். கணவன் மனைவிக்குள் ஒரு சொல்லும் கூடக் குறையப் பேசியதில்லை என்றால், அவர்கள் பேசுவதையே நிறுத்தியிருக்கலாம். எல்லாப் பரீட்சையிலும் ஒரே மார்க் என்று சொல்லும் பிள்ளையின் ரிப்போர்ட் கார்டை ஒருமுறை கையில் வாங்கிப் பார்ப்பது நல்லது. சந்தேகப் பிராணியாக இருக்கச் சொல்லவில்லை. உண்மையாக அளந்தால் கொஞ்சம் பிசகும். அந்தப் பிசகை மறைக்காமல், அன்றன்றைக்கு அப்படியே எழுதிவைத்தால் போதும். பத்து நாள் பிசகைச் சேர்த்துப் பார்த்தால் அது மூச்சா, ஒழுக்கா என்று தானே தெரிந்துவிடும்.

நல்ல முதலாளிகளை நான் அடையாளம் கண்டதும் இப்படித்தான். டிப்பில் 20 லிட்டர் குறைகிறது என்று காலையில் வந்து சொல்லும் பையனைத் திட்டுகிற முதலாளிக்கு, மறுநாள் முதல் எல்லாம் சரியாகவே வரும். "சரி, எழுதிவை, நாளைக்கும் பார்ப்போம்" என்கிற முதலாளிக்குத்தான் கடைசிவரை உண்மை கிடைக்கும். அப்பா அம்மாவுக்கும் இது பொருந்தும். குறையைச் சொன்னவுடன் குரலை உயர்த்துகிற வீட்டில் பிள்ளைகள் சீக்கிரமே கோலை நனைக்காமல் எண் எழுதக் கற்றுக்கொள்வார்கள்.

வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். வாரம் தவறாமல் போன் செய்து "நல்லா இருக்கீங்களாப்பா?" என்கிறீர்கள். "நல்லா இருக்கேன்டா" என்கிறோம். வாரா வாரம் ஒரே பதில், ஒரு லிட்டர் பிசகாமல். கேள்வியை மாற்றுங்கள். நேற்று ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள், மாடிப்படி ஏறும்போது முழங்கால் எப்படி இருக்கிறது, மாத்திரை அட்டையில் எத்தனை மிச்சம், கடைசியாக யார் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசினீர்கள் என்று கேளுங்கள். இந்த வாரம் ஒரு பதில் வரும், அடுத்த வாரம் கொஞ்சம் வேறாக வரும். கூடக் குறைய வந்தால் கலங்கவேண்டாம். தேதி போட்டுக் குறித்துவைத்துக்கொண்டு, அடுத்த வாரமும் அதையே கேளுங்கள்.