மிடில்டவுனில் ஒரு மிருதங்கம்

நமது தமக்கையாரின் மூத்த குமாரன் எஞ்சினீயரிங் படிப்பான் என்று குடும்பத்தில் எல்லோரும் நம்பியிருந்தோம். அவனோ, அமெரிக்காவில் சங்கீதம் படிக்கப் போகிறேன் என்று சொல்லிப் புறப்பட்டுவிட்டான். "சங்கீதத்துக்காகத் தஞ்சாவூர் போவார்கள், சென்னை போவார்கள். அமெரிக்காவுக்கு யாராவது போவார்களா? நீ வாத்தியார்தானே, நேரில் பார்த்து, அந்தப் படிப்பு சோறு போடுமா, போடாதா என்று ஒரு வார்த்தை சொல்லடா" என்று தமக்கையார் கட்டளையிட்டார். விடுமுறைக்கு நியூ ஜெர்ஸியில் தம்பியின் வீட்டில் தங்கியிருந்த நமக்கு அதை மீற வழியில்லை.

அக்டோபர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் மோட்டாரில் புறப்பட்டோம். கனெக்டிகட் மாகாணத்துக்குள் நுழைந்ததும் சாலையின் இருபுறமும் மரங்கள் குங்குமமும் மஞ்சளுமாக நின்றன. இலை உதிர்வதற்கு முன்னால் இவ்வளவு ஆடம்பரமா என்று தோன்றியது. மிடில்டவுன் ஆற்றங்கரையில் உள்ள சிறிய ஊர். அதன் மேட்டுப் பகுதியில், 1831-ல் தோன்றிய வெஸ்லியன் சர்வகலாசாலை இருக்கிறது. மாணவர் தொகை மூவாயிரத்துச் சொச்சந்தான். இது சங்கீதக் கல்லூரி அன்று என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். பௌதிகம் படிப்பவனும் சரித்திரம் படிப்பவளும் மாலையில் வந்து, ஆப்பிரிக்க முரசோ, ஜாவா தேசத்து கமெலானோ, ஜாஸோ, நமது வாய்ப்பாட்டோ பயில்கிறார்கள். பாக்கும் பீதோவனும் அங்கே உண்டு. ஆனால் அவர்களுக்கென்று தனிச் சிங்காசனம் இல்லை.

மருமகன் நம்மை முதலில் அழைத்துச் சென்ற இடம் உலக சங்கீத மண்டபம். 1973-ல் கட்டிய கலைக் கட்டடங்களில் அதுவும் ஒன்று. வாசலிலேயே, "மாமா, செருப்பைக் கழற்றுங்கள்" என்றான். அமெரிக்காவில் செருப்பைக் கழற்றச் சொன்ன முதல் இடம் அதுதான். உள்ளே கமெலான் வாத்தியங்கள் தரையில் வரிசையாக இருந்தன: வெண்கலத் தகடுகள், குடம் கவிழ்த்தாற்போன்ற மணிகள், பின்னால் தொங்கும் பெரிய சேகண்டி. 1964-ல் நியூயார்க்கில் நடந்த உலகப் பொருட்காட்சிக்காக இந்தோனேஷியாவிலிருந்து வந்தவையாம். வாத்தியத்தைத் தாண்டிக் கால் வைக்கலாகாது என்பது ஜாவா மரபு. சுற்றித்தான் போனோம்.

அவன் ஒரு தகட்டு வாத்தியத்தில் ஐந்து ஸ்வரங்களை வாசித்தான். "மோகனம்!" என்றோம், சற்றுப் பெருமையாகவே.

"இல்லை மாமா. மோகனத்தில் சில ஸ்வரங்கள் நெருங்கியும் சில தள்ளியும் நிற்கும். இந்த ஸ்லேண்ட்ரோவில் ஐந்தும் ஏறக்குறையச் சம தூரத்தில் நிற்கின்றன. அதுவும் ஒரு கமெலானுக்கு உள்ள சுருதி மற்றொன்றுக்கு இராது. மோகனம் என்று கேட்பது நம் காதின் பழக்கம்."

இருபது வருஷமாகப் பிறரைத் திருத்தியே பழகியவர்களுக்கு இது கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

பிறகு ஓர் ஒலிப்பதிவு போட்டான். ஆல்வின் லூசியர் என்பவர் 1969-ல் செய்தது. அவர் அங்கேயே நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கற்பித்து 2011-ல் ஓய்வு பெற்று, 2021-ல் காலமானவர். ஓர் அறையில் அமர்ந்து சில வாக்கியங்களைப் பேசிப் பதிவு செய்கிறார். அந்தப் பதிவை அதே அறையில் ஒலிக்கவிட்டு மறுபடி பதிவு செய்கிறார், அதை மறுபடியும். இப்படியே போகப் போக வார்த்தைகள் கரைந்து, அந்த அறையின் ரீங்காரம் மட்டும் மிஞ்சுகிறது. "இதுவும் ஒரு சங்கீதமா?" என்று சிரிக்கத்தான் ஆரம்பித்தோம். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. மதுரைக் கோயில் மண்டபத்தில் ஓதுவார் பாடி நிறுத்திய பிறகு கல் சிறிது நேரம் பாடுமே, அது நினைவுக்கு வந்தது.

நமது சங்கீதம் இங்கே வந்த கதை தனிக் கதை. ராபர்ட் பிரௌன் என்ற அமெரிக்கர் சென்னைக்கு வந்து, ரங்கநாதனிடம் மிருதங்கம் கற்றார். பின்னர் வெஸ்லியனில் உலக சங்கீதப் படிப்பைத் தொடங்கி, 1963-ல் தம் குருவையே அங்கே வரவழைத்தார். ரங்கநாதன் பழனி சுப்பிரமணிய பிள்ளையின் சிஷ்யர். வீணை தனம்மாளின் பேரர். அவருடைய தமக்கை பாலசரஸ்வதி அங்கே அபிநயம் கற்பித்தார். தம்பி விசுவநாதன் புல்லாங்குழல் வித்வான். 1975-ல் ராக ஆலாபனையைப் பற்றி எழுதி அங்கேயே டாக்டர் பட்டம் பெற்று, 2002-ல் காலமாகும் வரை கற்பித்தார். அந்தச் சகோதரர்களிடம் பயின்ற ஜான் ஹிக்கின்ஸ்தான், நம்மவர்கள் அன்போடு பாகவதர் என்று அழைத்த வெள்ளைக்காரர். 1984 டிசம்பரில் அவர் சாலை விபத்தில் மாண்டார். அதே வருஷம் பிப்ரவரியில்தான் பாலசரஸ்வதி மறைந்திருந்தார்.

ஆனாலும் வாத்தியார் மனம் சும்மா இருக்கவில்லை. "பதினான்கு வாரத்தில் என்னடா கற்றுக்கொள்ள முடியும்? தனம்மாள் வீட்டில் பாடத்துக்கு மணி அடித்தார்களா?" என்று கேட்டோம்.

"முடியாதுதான்" என்று அவன் உடனே ஒப்புக்கொண்டான். "அநேகர் ஆதி தாளத்தோடு நின்றுவிடுவார்கள். ஆனால் ஊரில் எட்டு வருஷம் மிருதங்கம் வாசித்தேன். ஏன் இப்படி வாசிக்கிறோம் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. பக்கத்தில் ஜாவா முறை நிற்கும்போது கேட்காமல் இருக்க முடியவில்லை, மாமா. பள்ளிக்கூடத்தில் பாட்டு வகுப்பே சரியாக நடக்கவில்லையே."

அவன் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் அவன் படித்தது நமது பள்ளிக்கூடம். அங்கே பாட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம் உண்டு. பரீக்ஷை நெருங்கினால் அதைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வது வழக்கம். எடுத்துக்கொண்ட கணக்கு வாத்தியார் நாமேதான்.

அன்று மாலை நவராத்திரிக் கச்சேரி. 1970-களிலிருந்து வருஷந்தோறும் அங்கே அந்த விழா நடக்கிறது. ஸரஸ்வதி பூஜையில் மாணவர்கள் தங்கள் வாத்தியங்களையும் கொண்டுவந்து வைக்கலாமாம். மண்டபத்தில் நாற்காலிகள் இல்லை. படிபோல் அமைந்த தரையில் அமர்ந்தோம். நமக்கு முன்னால் செம்பட்டைத் தலைமயிரோடு ஒரு பெண், உதடு அசையாமல் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். ரசாயனம் படிக்கிறவளாம். தனி ஆவர்த்தனம் தொடங்கியபோது எழுந்து போகிறவர்கள் யாராவது உண்டா என்று வழக்கப்படி திரும்பிப் பார்த்தோம். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

கச்சேரி முடிந்து வெளியே குளிரில் நின்று தமக்கையாருக்கு டெலிபோன் செய்தோம். மதுரையில் அப்போது ஞாயிற்றுக்கிழமைக் காலை.

"சோறு போடுமா?" என்றார் எடுத்ததுமே.

"சிலருக்குப் போடுகிறது, எல்லோருக்கும் போடாது. இருந்தாலும் அவன் படிக்கட்டும் அக்கா. கூப்பிட்டுக்கொள்ள வேண்டாம்" என்றோம்.

மறுபக்கம் சிறிது நேரம் சப்தமே இல்லை. பிறகு, "மாவடு ஜாடியை அவனிடம் கொடுத்தாயா?" என்று கேட்டார்.

அது மோட்டாரின் பின் ஆசனத்திலேயே இருந்தது. எடுத்து வர ஓடினோம்.