நாலு நிமிஷம்

இங்கே நியூஜெர்சியில் பள்ளிக்கூட பாஸ்கெட்பால் ஆட்டம் மொத்தம் 32 நிமிஷம். களத்தில் 5 பேர், எங்க பொண்ணு டீமில் 12 பேர். சமமாப் பங்கு போட்டா தலைக்கு 13 நிமிஷம் வரணும் என்று கேலரியில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அவளுக்குக் கிடைத்தது 4. அதுவும் ஆட்டம் கைவிட்டுப் போன பிறகு.

கோச்சுக்குக் காரசாரமாக ஒரு மெயில் எழுதினேன். “அப்பா, அதை அனுப்பாதீங்க, ப்ளீஸ். நானே கேட்டுக்கறேன்” என்றாள்.

ஏன் இறக்கலைன்னு கேட்கவில்லையாம். என்ன செஞ்சா இறக்குவீங்கன்னு கேட்டாளாம். பதிலில் ஷூட்டிங் பற்றிப் பேச்சே இல்லை. “பந்து வளையத்தில் பட்டுத் திரும்பும்போது நீ பந்தையே பார்க்கறே. முதல்ல எதிராளியை முதுகால் மறிச்சு நில்லு, அப்புறம் குதி.” அதற்குப் பெயர் பாக்ஸ் அவுட்.

மூன்று வாரம் கராஜ் வாசலில் எதிராளி நான்தான். இடித்த இடியில் இடுப்பு இன்னும் வலிக்கிறது. வீட்டுக்காரிக்கு ஒரே சிரிப்பு.

போன வெள்ளிக்கிழமை இரண்டாவது குவார்ட்டரிலேயே இறக்கினார்கள். ஒரு பாயின்ட்கூட எடுக்கவில்லை. 9 நிமிஷம் ஆடினாள். மெயில் இன்னும் டிராஃப்டில்தான் கிடக்கிறது.