திருகாணி

அப்பா விட்டுப்போன மாருதி 800 பாலவாக்கத்தில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கிறது. 2014-இல் தயாரிப்பே நின்றுபோன வண்டி. உப்புக்காற்று ஜன்னல் கம்பியைத் தின்னும் ஊரில் அதை ஓடும் நிலையில் வைத்திருப்பது என் பிடிவாதம். அம்மாவுக்கு அந்த வண்டியில் எப்போதும் இடதுபக்க இருக்கைதான். ஒருமுறை கற்றுக்கொள்ளட்டுமா என்று கேட்டாராம். “உனக்கு எதுக்கு?” என்பதோடு அது முடிந்தது.

சென்ற ஆண்டு டைமிங் பெல்ட் மாற்றக் கொடுத்தேன். வண்டி வந்த மூன்றாம் நாள் எஞ்சினிலிருந்து ஒரு தட்டல் சத்தம். கிராங்க் ஷாஃப்ட்டின் முனையில் இருக்கும் புல்லி நேராகச் சுற்றாமல் தள்ளாடியது. பட்டறைக்குப் போய்ச் சொன்னேன்.

“பழைய வண்டி மேடம், அப்படித்தான் இருக்கும். சாரை வரச் சொல்லுங்க, அவருகிட்ட பேசிக்கிறேன்.”

சார் என்று எங்கள் வீட்டில் யாரும் இல்லை. நானும் அம்மாவும்தான்.

அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சான்றிதழ் நினைவுக்கு வரும். இதே சென்னையில், கிண்டி பொறியியல் கல்லூரியில் 1940-களில் மின்பொறியியல் படித்துத் தேறியவர் ஏ. லலிதா. பதினெட்டு வயதில், கைக்குழந்தை இருக்கும்போதே கணவரை இழந்து, பிறகு படிக்க வந்தவர். அவருடைய பட்டத்தில் ‘அவன்’ என்று அச்சாகியிருந்ததை அடித்துவிட்டு ‘அவள்’ என்று கையால் எழுதிக் கொடுத்தார்கள். பொறியாளர் என்றால் ஆண்தான் என்று அச்சகம் வரைக்கும் முடிவாகியிருந்த காலம். என் பட்டறைக்காரருக்கு அந்தத் திருத்தம் இன்னும் போய்ச் சேரவில்லை.

அன்று முதல் வண்டியை எடுக்காமல் நிறுத்திவிட்டுப் படித்தேன். பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றுவது கிராங்க் ஷாஃப்ட். அதன் முனையில் புல்லியைப் பிடித்திருப்பது ஒரே ஒரு பெரிய போல்ட். அது தளர்ந்தால் புல்லிக்கும் தண்டுக்கும் இடையே இருக்கும் ‘கீ’ என்ற சின்ன இரும்புத் துண்டு அடிவாங்கும், அது அமர்ந்திருக்கும் பள்ளம் அகலும். அப்புறம் தண்டுக்கே ஆபத்து.

“அதுக்கெல்லாம் ஆம்பளை பலம் வேணும்” என்றார் பக்கத்து வீட்டுக்காரர். கணக்கு வேறு சொல்கிறது. அரை மீட்டர் கைப்பிடியின் நுனியை இருபது கிலோ எடை தூக்கும் அளவு பலத்தோடு இழுத்தால் ஏறத்தாழ 98 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை கிடைக்கும். கைப்பிடி பாதியானால் விசையும் பாதி. இருபது கிலோ என்பது நாங்கள் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளைகளின் எடை.

ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் புதுப் போல்ட்டும் டார்க் ரெஞ்சும் வாங்கினேன். எஞ்சின் ஆறிய பிறகு பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றினேன். பின்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைத்தேன். ஜாக்கியை மட்டும் நம்பக்கூடாது. தூக்கிய பின் ஸ்டாண்டில் இறக்கி, ஆட்டிப் பார்த்து, கழற்றிய சக்கரத்தையும் அடியில் தள்ளி வைத்தேன். என் வேலை முழுதும் சக்கர இடைவெளி வழியாகத்தான். வண்டிக்கு அடியில் தலையைக் கொண்டுபோகவில்லை.

பழைய போல்ட் சிரமமே இல்லாமல் கழன்றது. அவ்வளவு தளர்வு. நல்லவேளை, கீயும் பள்ளமும் சேதமில்லை. சேதமாகியிருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பேன், அது லேத் பட்டறை வேலை.

முடுக்கும்போது தண்டு கூடவே சுற்றாமலிருக்க வண்டியைக் கடைசி கியரில் போட்டு, ஒருவர் பிரேக்கை மிதிக்க வேண்டும். ஹேண்ட் பிரேக் உதவாது. அது பின்சக்கரங்களைத்தான் பிடிக்கும், இந்த வண்டியில் எஞ்சின் சுற்றுவது முன்சக்கரங்களை. அம்மாவைக் கூப்பிட்டேன். எழுபது வயதில் முதல்முறையாக ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார்.

“எதுடி பிரேக்கு?”

“நடுவுல இருக்கறதும்மா.”

கையேட்டில் இந்த எஞ்சினுக்குச் சொல்லியிருந்த எண்ணை ரெஞ்சில் வைத்தேன். மரையைத் துடைத்தேன். கையேடு சொல்லாமல் எண்ணெய் தடவக்கூடாது. தடவினால் அதே எண்ணில் போல்ட் கூடுதலாக இழுபடும். தள்ளாமல், என் பக்கமாக நிதானமாக இழுத்தேன். ‘க்ளிக்’. நிறுத்திவிட்டேன். இன்னும் கொஞ்சம் என்று இழுப்பதுதான் மரையைக் கெடுக்கிறது.

எங்கள் சமையலைக் கைப்பக்குவம் என்று புகழ்வார்கள். பட்டறையில் அது கையளவு. இரண்டும் எழுதி வைக்கப்படாத அறிவு. ஒன்று எங்களை அடுப்படியிலேயே வைத்திருந்தது, மற்றது பட்டறை வாசலிலேயே நிறுத்தியது. எண்ணை எழுதி வைத்த பிறகு அந்த வேலை யாருடைய புஜத்துக்கும் சொந்தமில்லை.

ஏழு வயதில் கம்மல் திருகாணியைத் திருகக் கற்றுக்கொடுத்ததும் அம்மாதான். தளர்ந்தால் கம்மல் விழும், இறுகினால் காது புண்ணாகும் என்பார். இரும்புக்கும் அதே விதிதான்.

சக்கரத்தை மாட்டி, வண்டியை இறக்கி, பேட்டரியை இணைத்தேன். அம்மா இருக்கையை விட்டு இறங்கவில்லை.

“சாவியைக் குடு. நான் ஸ்டார்ட் பண்றேன்.”

கியரை நியூட்ரலுக்கு மாற்றிவிட்டுச் சாவியைக் கொடுத்தேன். புல்லி நேராகச் சுற்றியது.