ஒரு நாளைக்கு ரெண்டு பக்கம்

போன வருஷம் கல்லூரி ஆண்டு மலர்ல என் கதை ஒண்ணு வந்தது. நாலு பேர் நல்லாருக்குன்னாங்க. அவ்ளோதான், அதுக்கப்புறம் ஒரு வரி எழுத முடியலை. எதை எழுதினாலும் "அது மாதிரி இல்லையே"ன்னு கிழிச்சுப் போட்டுடுவேன். பார்க்கிறவங்க எல்லாம் "அடுத்து எப்ப?"ன்னு கேக்குறது வேற.

அப்பத்தான் எஸ்.இ.ஹிண்டன் பத்திப் படிச்சேன். அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநிலத்து டல்சா ஊர்க்காரர். ஆண்னு நினைச்சேன், பார்த்தா சூசன் எலோயிஸ் ஹிண்டன்! பசங்க அடிதடிக் கதையை ஒரு பொண்ணு எழுதினதுன்னு தெரிஞ்சா விமர்சகர்கள் மதிக்க மாட்டாங்கன்னு பதிப்பகம்தான் இனிஷியலை மட்டும் போடச் சொல்லுச்சாம்.

"தி அவுட்சைடர்ஸ்" எழுத ஆரம்பிச்சப்ப அவருக்கு வயசு 15. சினிமா பார்த்துட்டு வந்த நண்பன் ஒருத்தனை வேற கோஷ்டிப் பசங்க அடிச்சுட்டாங்க. அந்தக் கோபத்துல உட்கார்ந்தவர். நாவலை எழுதிக்கிட்டிருந்த அதே வருஷம் பள்ளியில படைப்பெழுத்துப் பாடத்துல வாங்கினது 'டி' கிரேடு. (இதைப் படிச்சப்ப எனக்கு வந்த சந்தோஷம் இருக்கே.. :-)) 1967ல புத்தகம் வந்தப்ப வயசு 18.

பிறகுதான் விஷயம். புகழ் வந்தது, எழுத்து நின்னுபோச்சு. டைப்ரைட்டர்ல ஒரு கடிதம்கூட அடிக்க முடியலையாம். வருஷக்கணக்கா இப்படி. கடைசியில காதலர் (பின்னாடி கணவர்) ஒரு கண்டிஷன் போட்டார்: தினம் ரெண்டு பக்கம் எழுதலைன்னா வெளியே சுத்தப் போறது கிடையாது! அப்படிச் சேர்ந்த பக்கங்கள்தான் 1971ல வந்த "தட் வாஸ் தென், திஸ் இஸ் நவ்".

எல்லாரும் முதல் நாவலைத்தான் கொண்டாடுறாங்க. எனக்கு இதுதான் ஒசத்தி. கூடவே வளர்ந்த, அண்ணன் தம்பி மாதிரி இருந்தவன் போதை மாத்திரை விக்கிறான்னு தெரிஞ்சு, ஒருத்தன் போலீஸுக்குப் போன் பண்ணிடுறான். செஞ்சது சரியா தப்பான்னு அவனுக்கே தெரியலை. ரெண்டு நாள் எனக்குத் தூக்கம் வரலை. கோபத்துல ஒரே மூச்சுல எழுதுற புத்தகம் இல்லை இது.

அப்புறம் "ரம்பிள் ஃபிஷ்", "டெக்ஸ்".. 1983ல கொப்போலா எடுத்த "அவுட்சைடர்ஸ்" படத்துல நர்ஸா இவரே தலை காட்டியிருக்கார். அந்தப் படத்துக்கு விதை போட்டது கலிஃபோர்னியாவில் ஒரு பள்ளி நூலகரும் பிள்ளைகளும் கையெழுத்துப் போட்டு அனுப்பின கடிதம்.

ரூம்மேட்கிட்ட இந்தக் கதையைச் சொன்னது என் தப்பு. "ரெண்டு பக்கம் காட்டாம மெஸ்ஸுக்கு வராதே"ன்னுட்டான் பாவி. நேத்து ஒண்ணரைப் பக்கம்தான் தேறுச்சு. நான் போறதுக்குள்ள சாம்பார் காலி, ரசம்தான் மிச்சம்.