தடித்த எழுத்தில் இரண்டு எண்கள்

2024-ஆம் ஆண்டு எங்கள் மறைமாவட்டக் குருக்களின் ஆண்டுத் தியானம் நிறைவுற்ற நாளில், வழக்கம்போல் எல்லாருக்கும் இரத்தப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்திருந்தார்கள். ஐம்பதைக் கடந்த குருக்கள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் உடலைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது ஆயர் அவர்களின் விருப்பம். வெறும் வயிற்றோடு வரிசையில் நின்றோம். "ஐந்து நாள் ஆன்ம சோதனை; ஆறாம் நாள் இரத்த சோதனை" என்று மூத்த குரு ஒருவர் சொல்ல, எல்லாரும் சிரித்தோம். எனக்கு எந்தத் தொல்லையும் இல்லை. பசி நன்றாக எடுக்கும், உறக்கமும் அப்படியே. ஆகவே கையை நீட்டி இரத்தம் கொடுத்துவிட்டு, இட்டிலி இருந்த மேசையை நோக்கி நடந்தேன்.

வெள்ளிக்கிழமை மாலை கைப்பேசிக்கு அறிக்கை வந்தது. சிறிய எழுத்து கண்ணுக்குப் பிடிபடவில்லை. எங்கள் ஊர் உபதேசியாரின் மகன் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். அவனிடம் அனுப்பி அச்செடுத்து வரச் சொன்னேன். இரண்டு பக்கம் முழுதும் மெல்லிய எழுத்தில் எண்கள். இரண்டு மட்டும் தடித்த எழுத்தில் நின்றன. எஸ்.ஜி.பி.டி. 142, எஸ்.ஜி.ஓ.டி. 96. எதிரே, இருக்க வேண்டிய அளவு 40 வரை என்றிருந்தது. மேலே ‘கல்லீரல்’ என்ற தலைப்பு.

எசேக்கியேல் ஆகமத்தின் 21-ஆம் அதிகாரத்தில் ஒரு காட்சி உண்டு. பாபிலோன் மன்னன் இரு வழிகள் பிரியும் இடத்தில் நின்று, எவ்வழியே படை நடத்துவது என்று குறி பார்க்கிறான். அம்புகளைக் குலுக்குகிறான்; சிலைகளிடம் கேட்கிறான்; பலியிட்ட விலங்கின் ஈரலை உற்றுநோக்குகிறான். ஈரலின் மேடு பள்ளங்களில் எதிர்காலம் எழுதப்பட்டுள்ளது என்று அம்மக்கள் நம்பினார்கள். பயிலும் பூசாரிகளுக்காகக் களிமண்ணில் ஆட்டு ஈரல் செய்து, கட்டம் கட்டமாகப் பிரித்துக் குறிப்பெழுதி வைத்தார்கள். அதில் ஒன்று இலண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. குருமடத்தில் இதைப் படித்தபோது அம்மக்களின் பேதைமையை எண்ணிச் சிரித்தவன் நான். அன்றிரவு மேசை விளக்கின் கீழ் அந்தத் தாளை வைத்துக்கொண்டு, 142 என்னும் எண்ணில் என் ஆயுளைத் தேடிக்கொண்டிருந்தேன்.

மருத்துவரைத் திங்கட்கிழமைதான் பார்க்க முடியும். இடையில் இரண்டு பகல், மூன்று இரவு.

முதல் இரவில் வந்தது பழைய நினைவு ஒன்று. 1988-இல், குருமட மாணவனாக இருந்த காலத்தில், மிதிவண்டியில் போன என்னை லாரி ஒன்று இடித்துத் தள்ளிற்று. தொடை எலும்பு முறிந்தது. இரண்டு பாட்டில் இரத்தம் ஏற்றினார்கள். கல்லீரலை மெல்ல மெல்ல அரிக்கும் ‘சி’ வகை வைரஸ் அடையாளம் காணப்பட்டதே 1989-இல்தான். அதற்கு முன் ஏற்றிய இரத்தத்தில் அது இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. முப்பத்தாறு ஆண்டுகளாக ஒரு விருந்தாளி என் விலாவுக்குக் கீழே பேசாமல் தங்கியிருக்கிறானோ என்று வலப்பக்கத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். வலி இல்லை. ஒன்றரைக் கிலோ எடையுள்ள அந்த உறுப்பு வெகு தூரம் கெட்டபின்னரும் வலிக்காதாம். அதைப் படித்தபின் வலி இல்லாததும் அச்சமாயிற்று. நம் தாய்மார் பெருந்துயரில் "ஈரக்குலை நடுங்குதே" என்று கதறுவார்கள். புலம்பல் நூலாசிரியரும் எருசலேமின் அழிவைக் கண்டு தம் ஈரலைச் சொல்லியே அழுகிறார். எபிரேய மொழியில் ஈரலுக்குக் ‘காவேத்’ என்று பெயர். பாரம் என்பதற்கும் அதே சொல். மாட்சியைக் குறிக்கும் ‘காவோத்’ அதன் உடன்பிறப்பு. மாட்சியைப் பற்றி எத்தனையோ மறையுரைகள் ஆற்றியிருக்கிறேன். பாரம் என்ன என்பதை அவ்விரவில் அறிந்தேன்.

சனிக்கிழமை காலை கோவிற்பிள்ளை என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அச்செடுத்தவன் தீய எண்ணமில்லாதவன். வீட்டில் சொல்லியிருப்பான், அவ்வளவுதான். ஞாயிறு பூசைக்குப் பின் ஒரு மூதாட்டி மடியிலிருந்து ஒரு கட்டுக் கீழாநெல்லியை எடுத்து என் கையில் வைத்து, "மோருல அரைச்சுக் குடிங்க சாமி" என்றார். அந்த அன்பு எனக்குப் புரிந்தது. அன்பியக் கூட்டத்தில் எப்போதும் கடைசி வரிசையில் நிற்கும் ஒருவரின் பார்வையோ வேறு. அவர் வாய் திறக்கவில்லை. ஆனால் அவர் எண்ணுவது எனக்குத் தெரியும். ஏனெனில் அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் அதையேதான் எண்ணியிருப்பேன். ஈரல் கெட்டது என்றால், ஊரில் அதற்கு ஒரே பொருள்.

அந்த எண்ணமே என்னை 2019-க்கு இழுத்துச் சென்றது.

அவ்வாண்டு எங்கள் பங்கில் ஒரு கொத்தனார் இறந்தார். வயது நாற்பத்து நான்கு. குடி. கண்கள் மஞ்சளித்து, வயிறு பானையாக வீங்கி, மூன்று முறை நீர் எடுத்தும் பயனின்றிக் கல்லீரல் சுருங்கி மாண்டார். அடக்கத் திருப்பலியில் இளைஞர்கள் நிறைய வந்திருந்தார்கள். அவர்களை எச்சரிக்க இதைவிட நல்ல வாய்ப்பு வராது என்று எண்ணினேன். "தம்முடைய ஈரலைத் தாமே தின்று தீர்த்த மனிதர் இவர்" என்று பெட்டியைக் கைகாட்டிச் சொன்னேன். அவ்வாக்கியம் பேச்சின் வேகத்தில் வந்ததன்று. முதல்நாள் இரவே எழுதிவைத்தேன். நன்றாக அமைந்துவிட்டதென்று மகிழ்ந்ததும் நினைவிருக்கிறது. முன்வரிசையில் அவருடைய மனைவியும் இரண்டு பிள்ளைகளும் அமர்ந்திருந்தார்கள்.

பிறவிக் குருடனைக் கண்ட சீடர்கள், யார் செய்த பாவம் இது என்று ஆண்டவரிடம் கேட்டார்கள். யோவான் நற்செய்தியின் அப்பகுதியில் குருமடத்துத் தேர்வு எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான். அந்த ஞாயிறன்று திருக்கிண்ணத்தை உயர்த்தியபோது, கடைசி வரிசை மனிதர் அதனுள் என்ன பார்க்கிறார் என்றே என் மனம் ஓடியது. இறைவனுக்கு முன் நின்றுகொண்டு என் பெயரைக் காத்துக்கொண்டிருந்தேன்.

திங்களன்று திருச்சிக்குப் போனேன். மருத்துவர் என் வயதில் பாதிதான் இருப்பார். தாளைப் பார்த்துவிட்டு, "ஃபாதர், டிரிங்க்ஸ் பழக்கம் உண்டா?" என்று கேட்டார். பூசையில் அருந்தும் திராட்சை இரசம் மட்டும் என்றேன். எவ்வளவு? ஒரு சிறு கரண்டி இருக்கும். வாரத்தில் எத்தனை முறை? நாள்தோறும். வேறு எப்போதாவது? இல்லை. எத்தனை முறை, எவ்வளவு காலமாக என்று ஒப்புரவுத் தொட்டியில் அமர்ந்து முப்பது ஆண்டுகளாக நான் பிறரைக் கேட்ட கேள்விகள் அவை. பதில் சொல்பவனின் நாக்கு எப்படி உலர்ந்துபோகும் என்பது அன்றுதான் தெரிந்தது. "உண்மையைத்தான் சொல்கிறேன்" என்று கேளாமலே சொன்னேன். அவர் புன்னகைத்து, "குடியால் வந்ததாக இருந்தால் பெரும்பாலும் எஸ்.ஜி.ஓ.டி. தான் கூடுதலாக இருக்கும். உங்களுக்கு எதிர்மாறாக இருக்கிறது. அது முடிவான சான்றில்லை, ஒரு குறிப்புத்தான்" என்றார். அந்தக் குறிப்பை அச்சடித்துக் கோவில் கதவில் ஒட்டலாமா என்று ஒரு கணம் நினைத்ததை இங்கே மறைக்கப் போவதில்லை.

பின் வேறு என்னென்ன மருந்து உண்கிறேன் என்று கேட்டார். முழங்கால் வலிக்கு ஓர் அன்பர் தந்த மூலிகை மாத்திரை, கொரோனா காலத்திலிருந்து சீந்தில் கஷாயம், இப்போது கீழாநெல்லி என்றேன். எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். சீந்தில் உண்டவர்கள் சிலருக்கு ஈரல் அழற்சி வந்ததாக 2021-இல் மும்பை மருத்துவர்கள் எழுதினார்களாம், மறுத்தவர்களும் உண்டாம். கீழாநெல்லியைப் பற்றி எனக்கே கொஞ்சம் தெரியும். ‘பி’ வகை வைரஸைக் கண்டறிந்து 1976-இல் நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க்கும் சென்னை ஆய்வாளர்களும் சேர்ந்து அதை ஆராய்ந்து 1988-இல் ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். நம் வேலியோரச் செடிக்கு இப்படி ஒரு பெருமையா என்று அப்போது மகிழ்ந்தோம். பின்வந்த ஆய்வுகள் அந்த நம்பிக்கையை உறுதிப்படுத்தவில்லை. மூதாட்டியின் கட்டை எறிய மனம் வராமல் தொட்டியில் ஊன்றிவைத்தேன், தழைத்திருக்கிறது.

இரத்தம் மறுபடி எடுத்தார்கள். ‘பி’ இல்லை, ‘சி’ இல்லை. பழைய விருந்தாளி வரவே இல்லை. வயிற்றை ஒலியலைக் கருவியால் பார்த்ததில் கல்லீரலில் கொழுப்பு படிந்திருந்தது, இரண்டாம் நிலை. ஈரல் எவ்வளவு இறுகியுள்ளது என்று அளக்கும் கருவியில் 7.1 வந்தது; தழும்பு முற்றவில்லை, அஞ்ச வேண்டாம் என்றார். வெறும் வயிற்றுச் சர்க்கரை 118. அது நீரிழிவின் வாசற்படி. மெலிந்த உடலினருக்கும் இந்நோய் வரும், பரம்பரையும் சேரும் என்று மருத்துவர் எனக்காக இரக்கத்தோடு சொன்னார். ஆனால் என் நாள் முழுவதையும் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டவர் அவர். காலையில் இட்டிலியோடு வடை; பதினொரு மணிக்குச் சர்க்கரை கூடுதலாகக் காப்பி; புதுநன்மை வீடு, புதுமனை மந்திரிப்பு, திருமண விருந்து என்று வாரத்தில் மூன்று நாள் பிரியாணி; மாலையில் சபையார் கொண்டுவரும் பஜ்ஜி. மறுத்தால் வருந்துவார்கள் என்பது நான் எனக்குச் சொல்லிக்கொண்ட நியாயம். எடை 84 கிலோ. அதில் ஏழு, எட்டுக் கிலோ குறைந்தால் ஈரல் தன்னைத்தானே சீர்செய்துகொள்ளத் தொடங்கும், இப்போதைக்கு வேறு மருந்து வேண்டாம் என்றார்.

திரும்பும் பேருந்தில், சிறுவயதில் மனப்பாடம் செய்த ஞானோபதேசம் நினைவுக்கு வந்தது. தலையான பாவங்கள் ஏழில் ஒன்று போசனப்பிரியம். அளவற்ற உணவும் அளவற்ற குடியும் அந்த ஒரே சொல்லுக்குள் அடங்கும் என்றுதான் எங்கள் உபதேசியார் அன்று சொல்லித் தந்தார். கொத்தனாரும் நானும் ஒரே சொல்லின் கீழ் நின்றிருந்தோம். அவர் குடித்ததை ஊர் பார்த்தது. நான் உண்டதை ஊரே பரிமாறியது. நோய் கடவுள் தரும் தண்டனை என்று நான் நம்பவில்லை. என் ஈரலுக்கும் நம்பவில்லை, அவருடைய ஈரலுக்கும் நம்பக் கூடாது. ஆனால் அன்று பெட்டியின் முன் நின்று நான் சொன்னதன் பொருள் வேறு என்ன?

அந்த அம்மாவின் வீட்டுக்குப் போக எனக்கு இருபது நாள் பிடித்தது. வாசலில் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் பதறி எழுந்து நாற்காலி எடுத்துப் போட்டார். சுற்றி வளைக்காமல் சொன்னேன்: "அம்மா, உங்கள் வீட்டுக்காரரின் அடக்கத்தில் நான் பேசியது தவறு. மன்னிப்புக் கேட்க வந்தேன்." அவர் வெகுநேரம் கீரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவருக்கு அது கேட்டிருக்காது சாமி. புள்ளைங்களுக்குத்தான் கேட்டிச்சு" என்றார்.

மகன் அன்றிலிருந்து கோவிலுக்கு வருவதில்லை. அதை ஐந்து ஆண்டுகளாகக் குடிகாரன் மகன் என்ற கணக்கில் நான் எழுதிவைத்திருந்தேன். அவன் குடிப்பதில்லையாம், ஒரு துளியும் தொட்டதில்லையாம். ஆட்டோ ஓட்டித் தங்கையைச் செவிலியர் படிப்பில் சேர்த்திருக்கிறான். தகப்பன் கடைசி நாள்களில் குடியை விட்டுவிட்டதையும், விட்டபின் கை நடுங்கிக் கரண்டி பிடிக்க முடியாத நிலையில் அவன்தான் ஊட்டிவிட்டான் என்பதையும் அந்த அம்மா சொன்னார். அடக்கத்துக்கு முன் இந்த வாசலில் பத்து நிமிடம் அமர்ந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். காப்பி கொண்டுவந்தார். சர்க்கரை போடவில்லை. நான் சொல்லியிருக்கவில்லை, ஊருக்குத் தெரிந்திருந்தது.

மூன்று மாதத்தில் ஐந்து கிலோ குறைந்தது. எஸ்.ஜி.பி.டி. 71 ஆயிற்று, இன்னும் தடித்த எழுத்துத்தான். விருந்து வீடுகளில் ஒரு கரண்டி சோறும் இரசமும் போதும் என்று சொல்லப் பழகினேன். யாரும் வருந்தவில்லை என்பது என் அகந்தைக்கு ஒரு சிறு அடி. மாலையில் ஆற்றங்கரையில் நடக்கும்போது, மது விடுப்போர் கூட்டத்துக்கு வாடகைக்கு இடம் தேடி அலைந்த ஒருவரைச் சந்தித்தேன். பங்கு மன்றத்தின் பின்னறையை வியாழன் மாலைகளில் கொடுத்திருக்கிறோம். நான் அங்கே பேசுவதில்லை. சாவியை மட்டும் கொடுக்கிறேன்.

2025 பிப்ரவரியில் மூன்றாம் பரிசோதனைக்குக் காலை ஆறு மணிக்கே கிளம்பினேன். கோவிற்பிள்ளை அழைத்துவந்த ஆட்டோவில் ஏறியபின்தான் ஓட்டுபவன் யார் என்று கண்டேன். முகம் அப்படியே தகப்பன். வழி நெடுக அவன் பேசவில்லை, நானும் பேசவில்லை. சோதனைக்கூட வாசலில் இறங்கி, "தம்பி, அன்று நான்..." என்று தொடங்கினேன்.

"அம்மா சொன்னாங்க" என்றான்.

நூறு ரூபாய்த் தாளை நீட்டினேன். எண்பது ரூபாய் வாடகை. மீதி இருக்கட்டும் என்றேன். அவன் சட்டைப் பையில் தேடி இரண்டு பத்து ரூபாய் நாணயங்களை எடுத்து என் கையில் வைத்துவிட்டு, "எவ்வளவு நேரமாகும்? வெறும் வயித்தோட வந்திருக்கீங்க. இங்கேயே நிக்கிறேன்" என்று சொல்லி வண்டியை வேப்பமர நிழலுக்குத் திருப்பினான்.